ஸ்டார்ச் போடாத குழாய்

அந்தப் பூஞ்சை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது ஒரு மளிகைக்கடைப் பாலித்தீன் பையில். என்னோடு ஆய்வு செய்துகொண்டிருந்த செய்யூர்க்காரர் அதை மேசைமேல் வைத்தபோது பையின் உள்பக்கம் வியர்த்திருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் புளித்த வாடை அறை முழுக்கப் பரவியது. உள்ளே ஒரு கையளவு நெல். முளைவிட்டு, வேர் பின்னி, மேலே கரித்தூளைக் கொட்டியது போலக் கறுத்துக் கிடந்தது.

“எங்க நெல்லு அண்ணாத்த,” என்றார். “கொள்முதல் நிலையத்துல கொட்டி வெச்சிருந்தோம். தார்ப்பாய் போட்டு மூடித்தான் வெச்சோம். மய மேலேர்ந்து வரல, கீயேர்ந்து வந்துச்சு. நாம துன்ன வேண்டியத இவன் துன்னுட்டான்.”

“இவன் யாருன்னு பாத்துடலாம்,” என்றேன்.

“யாருன்னு பாத்து இன்னா பண்றது? எப்டி துன்னான்னு பாக்கணும்.”

அவர் விளையாட்டாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அடுத்த நான்கைந்து ஆண்டுகள் அதுவே அவருடைய ஆராய்ச்சியானது.

நாங்கள் இருவரும் பகுதிநேர ஆய்வாளர்கள். நான் கூடுவாஞ்சேரியில் குடியிருந்து, ஜி.எஸ்.டி. சாலையோரக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துபவன். பூர்வீகம் தெற்கே. அவர் செய்யூர் பக்கத்து விவசாயக் குடும்பம்; கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேறொரு தனியார் கல்லூரியில் ஆசிரியர். வார நாட்களில் வகுப்பு. சனி, ஞாயிறுகளில் செங்கல்பட்டுக்கு வெளியே உள்ள கல்லூரியில் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரின் ஆய்வகம். மேடம் என்றுதான் இருவரும் அழைப்போம். எங்கள் பிள்ளைகள் வயதில் இருந்த முழுநேர மாணவர்கள் எங்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். எனக்கு அது கூச்சமாக இருக்கும். அவர் உடனே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

அவருடைய நிலைமையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் இல்லாதவர்களை வரும் கல்வியாண்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று அவர் கல்லூரி சொல்லிவிட்டது. பல்கலைக்கழகப் பதிவுக்கு வாங்க வேண்டிய நீட்டிப்பையெல்லாம் அவர் வாங்கி முடித்திருந்தார். கடைசி நீட்டிப்பு மார்ச்சோடு தீர்ந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். கட்டுரை இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் வேலை இல்லை. இரண்டு பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பூஞ்சைக்கு வாய் கிடையாது. அது நெல்லின்மேல் ஒரு நொதியைக் கசியவிடும். மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. நொதி அந்தச் சங்கிலியின் முனையைப் பிடித்து மணி மணியாக வெட்டிக் குளுக்கோஸாகக் கரைக்கும். பூஞ்சை அதை உறிஞ்சிக்கொள்ளும். நொதியும் ஒரு சங்கிலிதான், நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்து நூற்கண்டு போலச் சுருண்டது. அவற்றில் உண்மையாக வெட்டுவது இரண்டோ மூன்றோதான். மற்றவை அந்த வெட்டும் இடத்தை, நாங்கள் ‘வாய்’ என்று சொன்ன பள்ளத்தை, அதன் வடிவத்தில் தாங்கி நிற்கும். வெட்டுகிற அந்தச் சில அமினோ அமிலங்கள் எவை என்பதுதான் அவருடைய கேள்வி.

பெரிய நிறுவனங்களில் நொதியைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் பார்ப்பார்கள். எங்களிடம் இருந்தது பழைய வழி. அமினோ அமிலங்களில் இருபது வகை உண்டு. ஒரு வகையை மட்டும் தேடிப் போய் முடமாக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை அவர் தன் மாணவர்களுக்கு விளக்கியதை ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

“ஒரு வூட்டுல இருவது பேரு கீறாங்க. எவன் திருடன்னு தெரியல. ஒவ்வொருத்தன் கையா கட்டிக்கினே வரோம். எவன் கைய கட்டினதும் திருட்டு நிக்குதோ, அவன்தான் ஆளு.”

“சார், எல்லாரும் கூட்டா இருந்தா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“அப்ப நாம போலீசு மாதிரி, கெடச்சவன புட்ச்சி உள்ள போட்டுற வேண்டியதுதான்.”

முதலில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைக் கட்டினார், நொதி வேலை செய்தது. லைசின், சிஸ்டீன், ஒன்றும் ஆகவில்லை. குளுட்டாமிக் அமிலத்தையும் ஆஸ்பார்டிக் அமிலத்தையும் தாக்கும் பொருளைச் சேர்த்தபோது நொதி செத்தது. ‘புளிப்புக்காரனுங்க’ என்று அந்த இரண்டுக்கும் பெயர் வைத்தார்.

ஆனால் செத்தது மட்டும் சான்றாகாது. வாய்க்கு வெளியே எங்கோ அடிபட்டு, நூற்கண்டு கலைந்தும் செத்திருக்கலாம். அதனால் ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு. முதலில் நொதியின் வாயில் அதற்குப் பிடித்த ஒரு சர்க்கரையை வைத்து அடைத்துவிட வேண்டும். அதன்பின் அந்தத் தாக்கும் பொருளை, எங்கள் பேச்சில் விஷத்தை, சேர்க்க வேண்டும். வாய் மூடியிருந்ததால் நொதி பிழைத்துக்கொண்டால், அடிபடும் அமிலம் வாய்க்குள்தான் இருக்கிறது. அவர் அடைப்பதற்கு எடுத்துக்கொண்டது மால்டோஸ் என்ற இரட்டை மணிச் சர்க்கரை.

பிழைத்ததா இல்லையா என்பதை நிறம் சொல்லும். நொதியோடு ஸ்டார்ச்சை, அதாவது மாவுச்சத்தை, சேர்த்துக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக வைத்து, ஒரு மஞ்சள் கரைசலை ஊற்றிக் கொதிநீரில் இறக்குவோம். சர்க்கரை உண்டாகியிருந்தால் மஞ்சள் ஆரஞ்சாகி, செங்கல் நிறமாகும். நொதி செத்திருந்தால் மஞ்சளாகவே இருக்கும். சிவப்பை அளக்கும் கருவியைப் பூச்சியத்தில் நிறுத்த ஒரு வெற்றுக் குழாய் வேண்டும். அதை பிளாங்க் என்போம்.

எங்கள் ஆய்வகத்தில் பிளாங்க்குக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் சேர்வதற்கு முன்பிருந்தே இருந்தது. வேதிப்பொருள்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அதனால் சனிக்கிழமை காலையில் முதலில் வருகிறவர் நொதி சேர்க்காத குழாய் ஒன்றைப் போட்டு, கழுத்தில் நூலைக் கட்டித் தாங்கியில் நிறுத்திவிடுவார். அன்று யார் எதை அளந்தாலும் அந்தக் குழாய்தான் பூச்சியம். யாரும் தனக்கென்று தனியாகப் போடுவதில்லை. போட்டால், “இன்னா சார், வூட்ல வசதியோ?” என்று செய்யூர்க்காரரே கேட்பார்.

இன்னொன்று, டயாலிசிஸ். விஷத்தையும் மால்டோஸையும் நொதியிலிருந்து கழுவி எடுக்க, அதைச் செலோபேன் குழாயில் ஊற்றி, இரு முனையையும் நூலால் கட்டி, கரைசலில் மிதக்கவிட வேண்டும். சின்னவை வெளியேறும், நொதி உள்ளே தங்கும். வெளிக் கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் குளிர்பெட்டியில் சின்ன பீக்கருக்குத்தான் இடம். சனிக்கிழமை மாலை பையைப் போட்டுவிட்டு அவர் செய்யூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். ஞாயிறு காலை வந்து எடுப்பார். இடையில் மாற்றுவதற்கு ஆள் இல்லை. பகுதிநேரக்காரர்களின் டயாலிசிஸ் எல்லாம் அப்படித்தான் நடந்தது.

பாதுகாப்புச் சோதனையின் குழாய் செங்கல் சிவப்பாக வந்தது. அன்று அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. “புளிப்புக்காரன் வாய்லதான் கீறான்,” என்றார். கட்டுரை எழுதினோம். முதல் பெயர் அவர், இரண்டாவது நான், ஏனென்றால் நொதியைச் சுத்திகரித்ததில் என் வேலை இருந்தது. கடைசியில் மேடம்.

பிப்ரவரியில் ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. கட்டுரை பிடித்திருந்தது. ஒரே ஒரு கேள்வி: பாதுகாப்புச் சோதனைக்குத் தனி பிளாங்க் வைத்தீர்களா? நொதி, மால்டோஸ் எல்லாம் சேர்த்து, ஸ்டார்ச் மட்டும் போடாத குழாய்?

“ஒரு நாள் வேலை சார்,” என்றார் மேடம். “போட்டு, மஞ்சளா இருக்குன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை செய்யூர்க்காரர் குழாய்களைக் கொதிநீரில் இறக்கினார், நான் நேரம் பார்த்தேன். வெளியே எடுத்தபோது இரண்டு குழாய்களும் ஒன்றுபோல் செங்கல் சிவப்பாக இருந்தன. எது ஸ்டார்ச் போட்டது, எது போடாதது என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

“நீ இதுலயும் ஸ்டார்ச் ஊத்திட்டியா அண்ணாத்த?”

“நான் தொடவே இல்லப்பா. நீதான் ஊத்தின.”

“நான் ஊத்தல.”

“அப்ப அது ஸ்டார்ச்சால வந்த சிவப்பு இல்ல.”

அவர் குழாய்களைத் தாங்கியில் வைத்துவிட்டு, குழாயடியில் நீண்ட நேரம் கை கழுவினார்.

மறுபடி செய்தோம். இந்த முறை சின்ன பீக்கர் இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையக் கரைசல். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அதை மாற்றிக்கொண்டே இருந்தேன். பையில் ஒட்டியிருந்த சர்க்கரை எல்லாம் போனபின் ஸ்டார்ச் சேர்த்துக் கொதிக்க வைத்தோம். பாதுகாத்ததாக நாங்கள் எழுதியிருந்த நொதி மஞ்சளாகவே நின்றது. செத்திருந்தது. நாங்கள் பார்த்த சிவப்பு, கழுவப்படாமல் தங்கிய சர்க்கரையின் சிவப்பு.

மேடத்துக்குக் காரணம் உடனே புரிந்தது. “மால்டோஸையும் இது வெட்டும் சார். வாயை மூட நீங்க வெச்சதை அது சாப்பிட்டிருக்கு. அதுக்கப்புறம் வாய் திறந்துதானே இருக்கும்?”

செய்யூர்க்காரர் தரையைப் பார்த்துச் சிரித்தார். “தார்ப்பாயையும் துன்னுட்டானா?”

வெட்ட முடியாத ஒன்றை வாயில் வைக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தது, என் சட்டைப் பையிலேயே. அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை. சாப்பாட்டின் முதல் கவளத்தோடு நான் விழுங்குவது. சோற்றை வெட்டும் நொதிகளின் வாயில் போய்ச் சிக்கிக்கொண்டு சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்ளும். பட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

“ஒம் மாத்திரைய எனக்குக் குட்த்துட்டு, நீ சோத்துக்கு இன்னா பண்ணுவ?”

“ஒரு வேளை பட்டினி கிடக்கேன்.”

ஆனால் மாத்திரையைக் கட்டியாக்க உள்ளே ஸ்டார்ச்தான் சேர்க்கிறார்கள். எங்கள் சோதனையில் அதைக் கரைத்தால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. சுத்தமான பொருள் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விசாரித்ததில் ஏப்ரலுக்கு முன் வராது என்றார்கள். ஆர்டர் மட்டும் போட்டு வைத்தோம்.

மார்ச் தொடங்கியிருந்தது. மேடம் எங்கள் இருவரையும் அறைக்குள் அழைத்தார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அவர் எதையும் மறைக்கிறவர் அல்ல.

“இந்த மாதிரி நொதிகள்ல வாய்ல இருக்கறது புளிப்பு அமிலம்தான்னு மத்தவங்க காட்டியிருக்காங்க. இதுலயும் அப்படித்தான் இருக்கும். முடிவு தப்பாக வாய்ப்பே இல்ல. பிளாங்க் மஞ்சள்னு எழுதிடலாம். அகார்போஸ் வந்ததும் செஞ்சு பாத்துக்கலாம். ஆனா மூணு பேரும் சம்மதிக்கணும். யோசிச்சு சொல்லுங்க.”

வராந்தாவில் செய்யூர்க்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. கீழே நிறுத்தியிருந்த பைக்குகளைப் பார்த்தபடி பேசினார்.

“நீ ஒரு வார்த்த சரின்னு சொன்னா போதும்.”

“என் பேரை எடுத்துட்டு அனுப்புப்பா.”

“எடுத்தா ஏன் எடுத்தன்னு கேப்பானுங்க. மூணு பேரும் ஒத்துக்கணும்னு மேடமே சொல்லிட்டாங்க. அது இன்னும் பேஜாரு.”

“நான் பாத்துட்டேன்ப்பா. பிளாங்க் செவப்பா இருந்ததைப் பாத்துட்டேன். மஞ்சள்னு எப்படிச் சொல்றது?”

“எவன் அண்ணாத்த கேக்கப் போறான்? அவங்களே சொல்றாங்க, முடிவு தப்பு இல்லன்னு.”

“இருக்கலாம். ஆனா அதை நாம காட்டல.”

அப்போதுதான் திரும்பினார். “ஒனக்கு இன்னா? தீசிஸ் குட்த்துட்ட. ஜூன் மாசம் சட்டைய அயன் பண்ணிப் போட்டுகினு காலேஜுக்குப் போவ. நான் எங்க போறது?”

அது உண்மை. என் ஆய்வேடு ஜனவரியிலேயே போயிருந்தது. வேறு நொதி, சர்க்கரை வைத்து மூடும் வேலை அதில் இல்லை. அவர் படியிறங்கிப் போனார்.

அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு அவர் எழுதிவிட்டார். எழுதச் சொல்லி நான் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேடம் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு முறை போய் வந்தார். விதியில் இடம் இல்லை. மார்ச் முடிந்தது, செய்யூர்க்காரரின் பதிவு ரத்தானது. மே மாதம் அவர் கல்லூரி, அடுத்த ஆண்டு வர வேண்டாம் என்று சொன்னது. இதை மேடம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் அழைப்புகளைச் செய்யூர்க்காரர் எடுப்பதில்லை.

அகார்போஸ் ஜூனில்தான் வந்தது. தெர்மாகோல் பெட்டி, ஐஸ் பைகள், நடுவே விரல்நுனி அளவில் ஒரு குப்பி. உறைபெட்டியில் அவருடைய நொதி இருந்தது. மூடியில் அவர் கையெழுத்தில் ‘எங்க நெல்லு’ என்று எழுதியிருந்தது. நான் ஒரு குழாயை எடுத்துக் கரையவிட்டேன்.

அகார்போஸ் நொதியின் வாயைவிட்டு லேசில் போகாது. கரைசலைத் திரும்பத் திரும்ப மாற்றி, வாளியோடு மல்லுக்கட்டி, அதைக் கழுவி எடுக்கவே பல நாள் ஆனது. பின் கொதிநீர். ஒவ்வொரு குழாய்க்கும் தனி பிளாங்க். மூடாமல் விஷம் சேர்த்தது மஞ்சள். மூடிவைத்து விஷம் சேர்த்தது சிவப்பு. முழுச் சிவப்பு இல்லை. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. அதன் பிளாங்க் மஞ்சள். மறுவாரம் புதிதாகச் செய்தேன். அதற்கடுத்த வாரமும். ஒன்றுபோலவே வந்தது.

புளிப்புக்காரன் வாயில்தான் இருந்தான். செய்யூர்க்காரர் எழுதியது சரி. குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கவிழ்த்த குழாய்களைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.

“அவர் பேர் முதல்ல வரட்டும்,” என்றார் மேடம். “பட்டத்துக்கு இனி உதவாது. இருந்தாலும் அது அவர் வேலை. நீங்க போய்க் கேளுங்க, போன்ல வேணாம்.”

செய்யூர்க்காரர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் இருந்தார். செங்கல்பட்டிலிருந்து பஸ் மாறி, சவுக்குத் தோப்போரம் இறங்கி நடந்தேன். கடல் தெரிவதற்கு முன்பே காற்றடிக்கும் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. ஓலைத்தட்டிக்குப் பின்னால் வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள், மேலே கறுப்புத் தார்ப்பாய். அவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயை அன்று ஜன்னலில் பிடித்த அதே கை.

“இன்னா அண்ணாத்த, எறா வாங்க வந்தியா?”

நான் விஷயத்தைச் சொன்னேன். அகார்போஸ், வாளி, மூன்று வாரங்கள். அவர் குவளையைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“தனி பிளாங்க் வெச்சியா?”

“ஒவ்வொண்ணுக்கும்.”

“மஞ்சளா?”

“மஞ்சள்.”

குவளைக்குள் முடியிழை போன்ற குஞ்சுகள் துள்ளின. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான் சொன்னது கரெக்டு.”

“கரெக்டுதான். உன் பேரு முதல்ல போட்டு அனுப்பணும்னு மேடம் சொல்றாங்க.”

“காலேஜ் பேரு கேப்பானே. எறா பண்ணைன்னு போடுவியா?”

“போடலாம். நீ ஒரு வார்த்தை சரின்னு சொன்னா போதும்.”

சொன்னபிறகுதான் இது யாருடைய வாக்கியம் என்று எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். குவளைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் பாக்கலியே அண்ணாத்த,” என்றார். “பாக்காதத எப்டி சரின்னு சொல்றது?”

“ஞாயித்துக்கிழமை வா. உன் கையாலயே செஞ்சு பாரு. நொதி இன்னும் இருக்கு.”

“ஞாயித்துக்கெயம இங்க லீவு கெடையாது. குஞ்சு லீவு எடுக்காது.”

கடைசித் தொட்டியிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அங்கே குஞ்சுகள் அடியில் படிந்துகொண்டிருந்தன போலிருக்கிறது. “நாஸ்தா துன்னியா? கேட்டாண்ட கட கீது, போய்த் துன்னு. மாத்திரைய மறந்துடாத,” என்று சொல்லிவிட்டுப் போனார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, குனிந்து, உள்ளே போவதைப் பார்த்தேன். இரைச்சலில் அவர் பேசியது கேட்கவில்லை. வெகுநேரம் நின்றேன். அவர் வெளியே வரவில்லை.

கட்டுரை என் கணினியில் இருக்கிறது. முதல் பெயர் அவருடையது. மூவரில் இருவர் சம்மதித்திருக்கிறோம். உறைபெட்டியில் அவருடைய நொதி இன்னும் ஒரு குழாய் மீதி இருக்கிறது. அதை யாரும் எடுத்துவிடாமல் பின்வரிசைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.